இறந்தது எந்த மெசபிப்பா?

சுவரில் ஒட்டியிருந்த இறப்பு அறிவிப்பை அப்படியே பிய்த்துக்கொண்டு வந்திருந்தாள் ஒர்னெல்லா. பசை இன்னும் காயவில்லை. எங்கள் துப்பறியும் அலுவலக மேசைமேல் அதை விரித்ததும் என் பிஸ்கட் தட்டு அதில் ஒட்டிக்கொண்டது.

"இது எங்க அப்பாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. மூணு மணிக்குச் சர்ச்சுல பூசை, அப்புறம் புதைச்சிடுவாங்க."

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கரை போட்ட தாள். நரைத்த தாடியும் தொப்பியுமாக ஒரு கிழவரின் படம். கீழே பெரிய எழுத்தில் 'தியோட்ஸோ எர்மெதே'. அதற்கும் கீழே, 'மெசபிப்பா என்று அழைக்கப்பட்டவர், வயது எழுபத்திரண்டு'.

"உங்க அப்பா பேரு என்னம்மா?"

"போஸ்கோலோ ஜெலிந்தோ."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. பேரும் வேற, குடும்பப் பேரும் வேற. இதுக்குப் போய் ஃபீஸ் வாங்க எனக்கே கூச்சமா இருக்கு. ஆனா வாங்கிப்பேன்."

என் முதலாளி நோர்மா பல்லாரின் கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கணக்குகளைப் பிடித்தவள் அவள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் ஒரு பொய்க் கணக்கு.

"ப்ரிமோ, வாயை மூடிட்டுப் பேருக்குக் கீழ இருக்கிற வரியை மறுபடி படி."

படித்தேன். மெசபிப்பா எங்கள் ஊர்ப் போஸ்கோலோக்களில் ஒரு கிளையின் பட்டப்பெயர்.

இத்தாலியக் கடலோரத்து எங்கள் கியோஜாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் ஒரு போஸ்கோலோ மண்டையில் விழும். தப்பினால் ஒரு தியோட்ஸோ மண்டையில் விழும். போஸ்கோ என்றால் காடு. முதல் போஸ்கோலோ எந்தக் காட்டிலிருந்து வந்தான் என்பது அவனுக்கே வெளிச்சம். எங்கள் ஊரில் சேர்ந்தாற்போல் பத்து மரம் கிடையாது. சந்தையில் ஒருவன் 'உங்கள் குடும்பப் பெயரின் வரலாறு' என்று தாள் விற்றான். அதில் சிங்கம், தலைக்கவசம், ஒரு பிரபு எல்லாம் இருந்தன. நானும் ஒன்று வாங்கி என் நாற்காலிக்கு மேலே மாட்டினேன். "பூனைக்கே பயப்படுற ஆளுக்கு மேல சிங்கமா?" என்று கேட்டாள் நோர்மா. ஆனாலும் கழற்றவில்லை.

குடும்பப் பெயர்தான் ஒன்று என்றால் சொந்தப் பெயரும் ஒன்றுதான். மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைக்க வேண்டும் என்று எவனோ சொல்லிவைத்தான். அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பிறக்கும் மூத்த பையன்கள் நாலு பேரும் ஒரே பெயரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்தது. வரிச் சீட்டும் சம்மனும் தப்பான வீட்டுக்குப் போய்ப் போய்ச் சலித்து, கடைசியில் அரசாங்கமே அந்தப் பட்டத்தை அடையாள அட்டையில் ஏற்றிவிட்டது. என் அட்டையில் போஸ்கோலோ சென்சாஓஸி ப்ரிமோ என்று இருக்கும். சென்சாஓஸி என்றால் எலும்பில்லாதவன். வலை இழுக்கும் நேரம் பார்த்துச் சரிந்து உட்கார்ந்துவிடுகிற முப்பாட்டன் ஒருவனால் வந்த வினை.

மெசபிப்பா என்றால் பாதி பைப். அந்தக் கிளையின் மூதாதை ஒருவர் புயலில் சுக்கானைப் பிடித்தபடி பல்லைக் கடித்ததில் வாயிலிருந்த புகை பைப் ரெண்டாக முறிந்ததாம். மனுஷன் கருமி. மீதிப் பாதியிலேயே சாகும்வரை புகைத்தார். அவர் வம்சத்துப் படகுகளின் முகப்பில் எல்லாம் உடைந்த பைப் ஒன்றை வரைந்துவைப்பார்கள். அந்தக் கிளையில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் ஜெலிந்தோ, இன்னொருத்தி அவருடைய ஒரே மகள் ஒர்னெல்லா.

"ஒரு போஸ்கோலோ கிளையோட பட்டம் ஒரு தியோட்ஸோவுக்கு எப்படி வரும்?" என்றாள் நோர்மா. "ரத்தத்துல வராது. நீ முழுசா சொல்லும்மா."

ஒர்னெல்லா பஸ் ஓட்டுகிறவள். காலையில் போ நதிக் கழிமுகத்துப் பக்கம் போக்கா வெக்யா என்ற கிராமத்தில் பஸ்ஸைத் திருப்பும்போது சுவரில் இந்தத் தாளைப் பார்த்திருக்கிறாள். பயணிகளை இறக்கிவிட்டு, டிப்போவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் செய்துவிட்டு, நேரே எங்களிடம் வந்துவிட்டாள்.

"எனக்கு ஏழு வயசு. பிப்ரவரி மாசம். அப்பா தனியா கடலுக்குப் போனார், வரலை. ரெண்டு நாள் எங்கயாவது கரையில தங்கியிருப்பார்னு அம்மா நெனச்சா. அப்புறம்தான் தேடினாங்க. ஒரு பலகை கிடைக்கலை, ஒரு மிதவை கிடைக்கலை, தண்ணி மேல ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. படகு மூழ்கியிருந்தா ஏதாவது ஒண்ணு மிதக்குமேன்னாங்க. அவ்ளோதான். படகை எடுத்துட்டுக் கடல் தாண்டி அக்கரைக்கு ஓடிட்டார்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. அங்க போலா பட்டணத்துல ஒருத்தி இருக்கா, செம்பட்டைத் தலைன்னுகூட சொன்னாங்க."

"தலைமுடி வரைக்கும் தெரியுமா? எங்க ஊர்க்காரங்க கெட்டிக்காரங்க," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா அவர் போட்டோ எல்லாத்தையும் அடுப்புல போட்டா. போன வருஷம் சாகிற அன்னிக்கும் வாசலைப் பார்த்துத் திட்டிட்டே இருந்தா. அவர் இருந்தா இப்ப எழுபத்திரண்டு வயசு. இந்த ஆளுக்கும் அதே வயசு. இந்த மூஞ்சி அவர் மூஞ்சியான்னு எனக்குத் தெரியலைங்க. பெத்த அப்பன் மூஞ்சி எனக்குத் தெரியலை."

நோர்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "குடும்பப் பேரை மாத்திக்கலாம். தன்னைத் தெரியாத ஊருக்குப் போய் வேற காகிதம் வாங்கிக்கலாம். பட்டப்பேரை மாத்த முடியாது. அது நாம வெச்சுக்கறது இல்ல, ஊர் வெக்கிறது. ப்ரிமோ, வண்டி எடு."

"பாஸ், ஒரு சந்தேகம். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடுறவன் நாப்பது கிலோமீட்டர்ல இருக்கிற போக்கா வெக்யாவுக்கா ஓடுவான்? அவ்வளவு தூரம் நான் மீன் வாங்கப் போறேன்."

"அதான் எனக்கும் பயமா இருக்கு. ஓடலைன்னா வேற என்ன ஆச்சு?" என்றாள் அவள்.

* * *

போக்கா வெக்யாவின் மணிக்கூண்டு இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் நிழலில் வண்டியை நிறுத்தினேன். ஒர்னெல்லா இறங்க மாட்டேன் என்றாள். கைகளை ஸ்டியரிங் இல்லாத மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இறந்தவரின் வீட்டில் சமையலறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு கேக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காபிக்குக் காத்திருந்தார்கள். விதவை செலெஸ்தே குட்டையான பெண்மணி. அழுது முடித்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நோர்மா ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். இதுதான் அவள் பாணி. அடுத்தவர் வேலையைக் கையில் வாங்கிக்கொண்டால் அவர்கள் வாயைத் திறந்துவிடுவார்கள். இதே முறையில் ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்து ஒரு மோசடியைக் கண்டுபிடித்தாள்.

"எர்மெதே எந்த ஊர்க்காரர்? கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவரா?"

"வந்தவரா? நல்லா கேட்டீங்க. இந்த வீட்லதான் பொறந்தார்." செலெஸ்தே ஈரக் கையால் சுவரைக் காட்டினாள். சட்டத்தில் ஒரு பழைய படம். வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் பின்னால் அதே சாய்ந்த மணிக்கூண்டு. "அந்த முன் வரிசை, காது துருத்திட்டு இருக்கே, அதான். பள்ளிக்கூடத்துல நான் பின்னால உக்காந்து அந்தக் காதைச் சுண்டிட்டே இருப்பேன். கல்யாணத்துக்கு அப்புறமும்தான்."

மேசையில் கிடந்த இறப்பு அறிவிப்பைப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே அதே காது. எனக்கு உயிர் வந்தது. இந்தச் சாய்ந்த கூண்டின் அடியில் முழங்கால் தெரிய நின்ற பையன் ஜெலிந்தோ இல்லை. ஓடிப்போன அப்பன் பக்கத்து ஊரிலேயே வேறு குடும்பம் நடத்தினான் என்ற கதை அங்கேயே செத்தது.

நோர்மா அடுத்த கோப்பையை எடுத்தாள். "மெசபிப்பான்னு ஏன் கூப்பிட்டாங்க? பைப் குடிப்பாரா?"

செலெஸ்தேயின் கை தண்ணீருக்குள் நின்றது. "சிகரெட்கூடக் கிடையாது. அந்தப் பேரைச் சொன்னாலே அவருக்கு ஆகாது. ஒருத்தனை மூக்கிலயே குத்தியிருக்கார். அறிவிப்புல அதைப் போடாதீங்கன்னுதான் சொன்னேன். பார் நடத்துற நீவெஸ்தான் கேக்கலை, போட்டுட்டா." கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

வெளியே வந்து கார்க் கதவைத் திறந்து நானே சொன்னேன். "அவர் இல்லம்மா. இந்த ஊர்லயே பொறந்தவர். காது சாட்சி."

ஒர்னெல்லா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். அன்று அதைவிட நல்ல முடிவு எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

"அப்ப எங்க பேரு இங்க எப்படி வந்துச்சு?" என்றாள் அவள்.

நோர்மா பாரைப் பார்த்து நடந்தாள்.

* * *

பார் துறையை ஒட்டி இருந்தது. நீவெஸ் ஐம்பது வயதுக்காரி, வாய் மட்டும் இருபது. நான் ஒரு வெள்ளை ஒயின் கேட்டேன். நோர்மா ஈரமாக இருந்த கண்ணாடிக் குவளைகளை அடுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு பெரிய மீசையும் தொப்பையுமாக ஒருவர் உள்ளே வந்தார்.

"ஏய் அசுந்தா! காலைத் தொடைச்சுட்டு வா!" என்று கத்தினாள் நீவெஸ்.

ஒயின் என் மூக்கு வழியாக வந்தது. "அசுந்தாவா? அது பொம்பளைப் பேராச்சே! இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருக்குக் கண்ணு தெரியாதா?"

"அவன் படகு பேரு அசுந்தா," என்றாள் நீவெஸ். "அவங்க அப்பன் வாங்கின படகு. அவன் பின்னாடி வரானே, அவன் ஸ்புட்னிக். அவனுக்குப் பின்னாடி வரவன் கடற்புறா. நீங்க கியோஜாக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

நோர்மாவின் கையில் குவளை அப்படியே நின்றது. "எர்மெதேயோட அறிவிப்புல மெசபிப்பான்னு போடச் சொன்னது நீங்களா?"

"பின்னே? இங்க எர்மெதே தியோட்ஸோ ரெண்டு பேரு. இன்னொருத்தன் அங்க உக்காந்து சீட்டாடிட்டு இருக்கான், பாருங்க. வெறும் பேரைப் போட்டா அவன் பொண்ணு மிலானோல இருந்து அழுதுட்டு வந்து நிப்பா. செத்தது எவன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

"எங்க ஊர்ல ஆளோட பேரு படகுக்குப் போகும்," என்றாள் நோர்மா மெதுவாக. "இங்க படகோட பேரு ஆளுக்கு வருது."

"அதான் சொன்னேனே."

"அப்ப எர்மெதே படகுல ஒரு பைப் இருந்துச்சு."

"உடைஞ்ச பைப். முகப்புல அழகா வரைஞ்சிருந்தது. கொண்டுவந்த மறுநாளே அவன் பச்சைப் பெயின்ட் அடிச்சு மறைச்சிட்டான். ஆனா அதுக்கு முன்னாலயே விடியக்காலம் நாங்க பார்த்துட்டோம்ல!" நீவெஸ் சிரித்தாள். "அன்னிலேர்ந்து அவன் மெசபிப்பாதான். சொன்னா அடிக்க வருவான். அதனாலயே எல்லாரும் சொன்னாங்க. உங்க ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட வாங்கினேன்னான். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"யாருக்குத் தெரியும்னு நெனச்சீங்க?"

அந்தக் கேள்வி வாசலிலிருந்து வந்தது. ஒர்னெல்லா உள்ளே வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

நீவெஸ் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "உங்க ஊருக்கே தெரியும்னு நெனச்சோம். உங்க ஊர்ப் படகுதானே அது. வித்தவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் சிப்பி அள்ளுகிற தகராறு தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. அவர்கள் துறையில் நாங்கள் கால் வைப்பதில்லை, எங்கள் துறையில் அவர்கள் வைப்பதில்லை. ஒரு மனுஷனின் படகு இங்கே எல்லோர் கண் முன்னாலும் பச்சைப் பெயின்டோடு போய் வந்துகொண்டிருந்தது. அங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் அதே மனுஷன் அதே படகில் போலாவுக்கு ஓடிப்போய்விட்டான். நடுவில் நாற்பது கிலோமீட்டர். ஒரு வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இந்தப் பட்டப்பெயரை இத்தனை வருடம் சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"அந்தப் படகு இப்ப எங்க?" என்றாள் நோர்மா.

"வெட்டியாச்சு. மீன்பிடிப் படகைக் குறைக்கணும்னு அரசாங்கம் காசு கொடுத்துச்சே, அப்ப. ஆணிகூட மிச்சம் இல்ல."

"அவரோட கடலுக்குப் போனவங்க யாராவது?"

நீவெஸ் ஒர்னெல்லாவைப் பார்க்காமல் சொன்னாள். "ஆர்துயினோ இருக்கான். பாலத்துக்குப் பின்னால மஞ்சள் வீடு. போங்க. ஆனா அவனால ரொம்ப நேரம் பேச முடியாது."

* * *

ஆர்துயினோவின் மூக்கில் பிளாஸ்டிக் குழாய் இருந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ் என்று மூச்சுவிட்டது. அடக்கத்துக்குப் போக கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, போக முடியாமல் நாற்காலியில் கிடந்தார். நோர்மா பேச வாயெடுக்குமுன் ஒர்னெல்லா முன்னால் போனாள்.

"நான் போஸ்கோலோ மெசபிப்பா ஒர்னெல்லா."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "வருவீங்கன்னு தெரியும். சீக்கிரம் வருவீங்கன்னு நெனச்சேன். நீ மகளா?"

"ஆமா."

"எர்மெதே திருடன் இல்லம்மா. அவன் படகு பழசு, மக்கிப்போச்சு. அன்னிக்கே நாங்க ரெண்டு தடவை தண்ணி இறைச்சோம். கொஞ்சம் பனி விலகினப்ப உங்க அப்பா படகு தெரிஞ்சுது. எஞ்சின் மெதுவா ஓடிட்டு இருந்துச்சு. வலை பாதி தண்ணியில. ஆள் இல்ல."

"எங்க அப்பா விழுந்துட்டார்."

"வலையில கால் மாட்டியிருக்கும். தனியா போறவங்களுக்கு அப்படித்தான் ஆகும். நான் மேல ஏறினேன். அடுப்புல காபி இருந்துச்சு." அவர் ஒர்னெல்லாவைப் பார்த்தார். "சூடா இருந்துச்சு."

நோர்மாவுக்குக் கைக்கு வேலை வேண்டும். பக்கத்தில் ஒன்றும் இல்லாததால் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர் பக்கத்துலதானே இருந்திருப்பார்," என்றாள் ஒர்னெல்லா. குரல் ஏறவில்லை. "காபி ஆறுறதுக்குள்ள எவ்வளவு தூரம் போயிருப்பார்? நீங்க தேடினீங்களா?"

"பனி இருந்துச்சும்மா. நான் கூப்பிட்டேன். 'ஓய்! யாராவது இருக்கீங்களா?'ன்னு கத்தினேன். எர்மெதே என் வாயைப் பொத்தினான். கத்தாதேன்னான். ஏன்டான்னேன்." கிழவரின் கண்ணிலிருந்து தண்ணீர் குழாய்மேல் வழிந்தது. "பதில் வந்துட்டா என்ன பண்றதுன்னான்."

ஆர்துயினோ கோட்டுக் கையால் குழாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் வீட்ல வருமானம் இல்ல. அந்தப் படகு அவனுக்குக் கடவுள் கொடுத்த மாதிரி இருந்துச்சு. எங்க படகை அங்கயே மூழ்கடிச்சோம். அதோட நம்பரை இதுக்கு எழுதினோம். இருட்டினதும் துறைக்கு வந்தோம். அந்தக் காபியை..." மறுபடி ஆரம்பித்தார். "ரொம்பக் குளிரா இருந்துச்சு. அந்தக் காபியை நாங்கதான் குடிச்சோம்."

ஒர்னெல்லா சுவரோரம் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்றேன் நான்.

"பாதிரியார்கிட்ட சொன்னேன். மன்னிச்சார்."

"அவருக்கென்ன, அவர் படகா போச்சு?" என்றேன். சொன்ன பிறகு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

ஒர்னெல்லா நோர்மாவைப் பார்த்தாள். "இவரை என்ன பண்ண முடியும்?"

நோர்மா பொய் சொல்லத் தெரியாதவள். "ஒண்ணும் பண்ண முடியாது. காலம் தாண்டிப்போச்சு. படகு இல்ல. சாட்சின்னு இருக்கிறது ஒரு பட்டப்பேரு, அப்புறம் மூச்சுவிட முடியாத ஒரு மனுஷன். எந்தக் கோர்ட்டும் பட்டப்பேரைச் சாட்சியா எடுத்துக்காது. செஞ்சவன் பெட்டிக்குள்ள கிடக்கிறான். உன்கிட்ட நான் பணம் வாங்கிக்கப் போறது இல்ல, அதைத் தவிர எனக்கு உனக்காக ஒண்ணும் செய்யத் தெரியலை."

"படகு கிடைச்சிருந்தா அப்பா செத்துட்டார்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். படகை இவங்க எடுத்துக்கிட்டதால அவர் ஓடிப்போனவர் ஆயிட்டார்." அவள் தனக்குத்தானே கணக்குப் போடுவது போலச் சொன்னாள். "முப்பத்தாறு வருஷம் நானும் அம்மாவும் அவரைத் திட்டினோம். பள்ளிக்கூடத்துல யாராவது கேட்டா எனக்கு அப்பனே கிடையாதும்பேன். அவர் அந்தத் தண்ணியில கிடந்தார். இவங்க அவரை அப்படியே விட்டுட்டு வந்தாங்க."

ஆர்துயினோ கையை நீட்டினார். அந்தக் கை காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மடிக்கே திரும்பியது. ஒர்னெல்லா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தொடவில்லை.

தூரத்தில் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அவள் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"நான் போறேன்."

"வீட்டுக்கா?" என்றேன்.

"கோயிலுக்கு."

* * *

வழி முழுக்க எனக்குத் திகில். பெட்டியை உதைப்பாள், விதவையின் முகத்தில் துப்புவாள், பாதிரியாரின் மைக்கைப் பிடுங்குவாள் என்று மனசு படம் ஓட்டியது. உண்மையைச் சொன்னால் அப்படி ஏதாவது செய்யட்டும் என்றும் இருந்தது. யாராவது ஏதாவது செய்ய வேண்டாமா? நோர்மா முன் இருக்கையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு வருடத்தில் துப்பு துலங்கிய பிறகு அவள் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை.

பூசை முடிந்து பெட்டி வெளியே வந்தது. வாசல் படியில் குடும்பத்தாரை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான் அடக்க ஏற்பாட்டுக்காரன், கறுப்பு டை கட்டிய சுறுசுறுப்பான வெளியூர் ஆள். ஊர் ஜனம் வரிசையில் வந்து குடும்பத்தார் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். எர்மெதேக்குப் பிள்ளை இல்லை. செலெஸ்தேயும் வயதான ஒரு நாத்தனாரும் மட்டும் நின்றார்கள். ஒர்னெல்லா படியேறினாள். நான் பின்னாலேயே போனேன். எதற்கென்று கேட்டால், தடுக்கத்தான்.

"உறவாம்மா?" என்றான் கறுப்பு டை. "பேர் சொல்லுங்க."

அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. பஸ் லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும், தேர்தலில் ஓட்டுப் போடும்போதும், டாக்டர் வீட்டிலும் சொல்கிற அதே பெயரைத்தான் சொன்னாள்.

"போஸ்கோலோ மெசபிப்பா ஒர்னெல்லா."

"மெசபிப்பா வீட்டுப் பொண்ணா! ஏன் அங்கயே நின்னுட்டீங்க? இப்படி வாங்க." தோளைப் பிடித்து அவளைச் செலெஸ்தேக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

செலெஸ்தே திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறாள். தன் புருஷனுக்கு மகள் இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவர் ஏன் அந்தப் பெயரைக் கேட்டால் கையை ஓங்கினார் என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்ததா, முன்னாலேயே தெரிந்துதான் கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாளா, எனக்குத் தெரியாது. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டடி நகர்ந்து இடம் விட்டாள்.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் அவர் குடும்பத்தை அறியாத பக்கத்துத் துறை ஆட்கள், கை எல்லாம் காய்ப்பு. முதலில் செலெஸ்தேயின் கை, அடுத்தது ஒர்னெல்லாவின் கை.

"உங்க அப்பா போனதுல எங்களுக்கும் வருத்தம்மா."

"நன்றி."

"கடல்ல உழைச்ச மனுஷன். கஷ்டப்பட்டவர்."

"ஆமா. நன்றி."

"தைரியமா இரும்மா. அப்பா இருக்கிற இடத்துல நல்லா இருப்பார்."

"நன்றிங்க."

ஒவ்வொருவர் கையையும் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. ஏழு வயதில் அவள் வீட்டுக்கு இப்படி ஒரு ஆள் வந்ததில்லை. ஓடிப்போனவன் வீட்டில் யார் துக்கம் கேட்பார்கள்? அந்தப் பாவியின் சாவுக்கு வந்த ஆறுதலைத் தன் அப்பாவுக்காக வாங்கிக்கொள்வதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் இனி கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை. எங்களால் அதைக்கூட வாங்கித்தர முடியவில்லை, அவளே வந்து வாங்கிக்கொள்கிறாள்.

நோர்மா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். நானும் அவள் பின்னால் போய் நின்றேன். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஜனம் சேர்ந்தது. நோர்மா ஒர்னெல்லாவின் கையைப் பிடித்து, கன்னத்தில் கன்னம் வைத்துவிட்டு நகர்ந்தாள். என் முறை வந்தது. வழக்கமாக எனக்கு அந்த இடத்தில் ஏதாவது ஒரு நக்கல் வரும்.

"அப்பா போனதுக்கு வருத்தம்மா," என்றேன்.

ஒர்னெல்லா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

"எங்க அப்பா கடல்ல செத்துட்டார்," என்றாள். "பிப்ரவரி மாசம்."

அவள் என் கையை விடவில்லை. அவளாக விடும்வரை நான் நின்றேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.